வத்தல்மலையில் ஒரு வரிக்கு எத்தனை ஆள்?

போன மாதம் மாலதி போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அடுத்து உட்கார்ந்த பெண். சுகாதாரத் துறையில் புள்ளிவிவரம் பார்க்கிறாள்.

"பாய் சார், புது ரூல் வந்திருக்குதுங்க. இனிமே எல்லாத்தையும் செல்லுலதான் ஏத்தணுமாம். வூட்டுக்கு ஒரு பதிவா, ஆளுக்கு ஒரு பதிவான்னு நாலு நாளா இங்க ஒரே சண்டைங்க. உங்க காலத்துல எப்பிடிங்க பண்ணீங்க?"

நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, என் மனைவி தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். யார் போனில் என்று கேட்டாள். "நாப்பது வருசத்துக்கு முன்னால நான் ஒரு தப்பு பண்ணேன் பாரு, அது இன்னும் உசுரோட இருக்குதாம்" என்றேன். அவள் சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் தப்புகளை எல்லாம் நின்று கேட்க அவளுக்கு ஏது நேரம்?

போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்று மாலதியிடம் சொன்னேன். உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. வேலை பார்த்த காலமெல்லாம் கட்டத்துக்குள் எழுதியவன், கட்டமில்லாத தாள் கிடைத்தால் சும்மா விடுவானா?

என் அத்தா தருமபுரியில் டிரங்குப் பெட்டி செய்து விற்றவர். தகரத்தை அளந்து வெட்டுவதில் அரை விரல் பிசகினால் பெட்டி மூடாது. அந்த வீட்டில் பிறந்ததால் கணக்கு எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, சேலத்தில் மூன்று மாதம் பயிற்சி என்ற பெயரில் நன்றாகச் சாப்பிட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் புள்ளிவிவர உதவியாளனாகத் தருமபுரிக்கே வந்து சேர்ந்தேன். துணைச் சுகாதார நிலையங்களிலிருந்து கிராம நர்சுகள் மாதாமாதம் அனுப்பும் அறிக்கைகளைக் கூட்டி, மாவட்டத்துக்கு ஒரே அறிக்கையாக்கி, மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையைச் சரிபார்க்கிறவர் தியாகராஜன் சார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. புள்ளியியல் அலுவலர். ஒல்லியான ஆள், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மழையோ வெயிலோ கையில் குடை. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அறிக்கையை மேசைமேல் வைத்ததும் மேலிருந்து கீழே ஒரு முறை கூட்டுவார். பிறகு கீழிருந்து மேலே ஒரு முறை. இரண்டும் ஒத்துவந்தால் கையெழுத்து. ஒத்து வராவிட்டால் பேனா மூடியைக் கழற்றித் தாளின் நடுவில் வைத்துவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். நாம்தான் தேட வேண்டும். கண்டுபிடித்துத் திருத்தி மூடியை நாமே எடுத்து ஓரமாக வைத்தால், அதைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார். திட்டு வாங்கியிருந்தால்கூட மனசு ஆறிப் போகும். அந்த மூடி தப்பைக் கண்டுபிடிக்கும்வரை நகராது. முதல் வருஷத்தில் பாதி நாள் அந்த மூடியோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

சொந்த விஷயம் ஒன்றும் பேச மாட்டார். கல்யாணம் ஆனவரா என்றே எங்களில் சிலருக்குச் சந்தேகம்.

அப்போது இருந்த வழக்கப்படி எல்லாத் துணை நிலையத்துக்கும் மருந்து ஒரே அளவு. மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி. கடத்தூர் மாதிரி சந்தை கூடும் ஊர்ப்பக்கம் இருக்கிற நிலையத்துக்கும் அதே பெட்டிதான், மலைமேல் இருக்கிற நிலையத்துக்கும் அதே பெட்டிதான். அறிக்கையில் நோயாளி எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்து யாரும் எதையும் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. அதனால் நர்சுகளும் போன மாதம் என்ன எழுதினார்களோ அதையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதி அனுப்பிவிடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் தடியாக ஒரு கட்டு வந்தது. புதிய விதிகள். ஒரு தாளாக இருந்த மாத அறிக்கை பன்னிரண்டு தாளாகிவிட்டது. அது போகட்டும். முக்கியமான விஷயம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டிலிருந்து மருந்துக்கான ஒதுக்கீடு நோயாளி எண்ணிக்கையைப் பார்த்துத்தான். மொத்தத் தொகையை ஒரு பைசா ஏற்றவில்லை, பங்கு போடும் விதத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். அதிகம் பேருக்கு வைத்தியம் பார்த்த நிலையத்துக்கு அதிகப் பங்கு. அடுத்தடுத்து இரண்டு காலாண்டு எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த நிலையத்தைப் பக்கத்து நிலையத்தோடு சேர்த்துவிட வேண்டும். நர்சுக்கு இடமாற்றம், மருந்துப் பெட்டி கிடையாது.

எனக்கு அதைப் படித்ததும் தலைகால் புரியாத சந்தோஷம். அடேங்கப்பா, நாம் கூட்டுகிற எண்ணுக்கு இவ்வளவு மதிப்பா! அதுவரை குப்பைக்குப் போகிற தாளைத்தானே அழகாக எழுதிக்கொண்டிருந்தேன்.

நல்லம்பள்ளியில் நர்சுகளைக் கூட்டிவைத்து புதிய படிவத்தைச் சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். அறுபது எழுபது பேர். பன்னிரண்டு தாளைப் பார்த்ததும் ஆளாளுக்குப் புலம்பல். "பாய், இத எழுதவா, பிரசவம் பாக்கவா?" என்று ஒருத்தர். "மூணாவது தாள்ல நாலாவது கட்டம் எதுக்குங்க? எங்கம்மா சத்தியமா புரியலீங்க" என்று இன்னொருத்தர். மத்தியானம் ஆகிவிட்டது, பசி வேறு. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ரொம்ப யோசிக்காதீங்க. நோயாளி நோட்டுல எத்தனை வரி இருக்குதோ, அத்தனை ஆளு. வரிய எண்ணுங்க, கட்டத்துல போடுங்க, வூட்டுக்குப் போங்க."

ஒரே கைதட்டல். அன்றைக்கு நான் கதாநாயகன். சாப்பாட்டில் எனக்கு இரண்டு வடை கூடுதலாக வந்தது.

நோயாளி நோட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வரி என்பதுதான் ஊர் வழக்கம். நர்ஸ் மேசை போட்டு உட்கார்வார், வரிசையில் ஆள் வரும், ஆளுக்கொரு வரி எழுதுவார். அதை மனதில் வைத்துத்தான் சொன்னேன். மலையில் வரிசை ஏது, மேசை ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தருமபுரியில் பிறந்து வளர்ந்தவன், கண்ணுக்கு எதிரே வத்தல்மலை. அதுவரை ஒரு நாளும் மேலே ஏறிப் பார்த்ததில்லை!

இரண்டு காலாண்டு போனது. மெட்ராசிலிருந்து பட்டியல் வந்தது. சேர்த்துவிட வேண்டிய நிலையங்களில் வத்தல்மலைத் துணை நிலையமும் இருந்தது. இனி அடிவார நிலையம்தான் மலைக்கும் பார்க்கும். நான் அதை ஒரு உறையில் போட்டு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

நான்காம் நாள் கௌரம்மா வந்தார். மலை நர்ஸ். எல்லைப் பக்கத்துக் கன்னடக்காரக் குடும்பம். தமிழ் சரளமாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம் முன்னால் வந்து நிற்கும். தோளில் ஒரு துணிப்பை. அதிலிருந்து நோட்டை எடுத்து என் மேசையில் ஓங்கிப் போட்டார். டீ சிந்திப் போனது.

"ஏன்ரீ இது?" என்றார். என்னய்யா இது என்று அர்த்தம். பட்டியலையும் எடுத்துப் போட்டார். "நான் வேல பாக்கலியா? ஆறு மாசமா நான் மலைல என்ன, மாங்கா பொறுக்கிட்டு இருந்தனா?"

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். "சிஸ்டர், நீங்க குடுத்த எண்ணத்தானுங்க நான் கூட்டுனேன். கொறச்சலா குடுத்தா கொறச்சலாத்தான் வரும். எங்கிட்ட கத்தி என்ன பிரயோசனம்?"

"வரிய எண்ணுன்னு சொன்னது யாரு? நான் எண்ணுனேன். பாருங்க, நல்லா பாருங்க."

நோட்டைத் திறந்தேன். முதல் வரி, வெள்ளையன் வூடு, காய்ச்சல். இரண்டாம் வரி, அண்டியப்பன் வூடு, காய்ச்சல், சளி. மூன்றாம் வரி, காளியம்மா வூடு. பக்கத்துக்குப் பக்கம் வூடு, வூடு, வூடு.

"மலைல ஒரு ஆளுக்குக் காய்ச்சல்னா வூட்டுக்கே காய்ச்சல்தான். ஒவ்வொருத்தரும் எங்கிட்ட நடந்தா வருவாங்க? நான்தான் வூடு வூடா போறேன். எல்லாருக்கும் பாத்து மாத்திரைய குடுத்துட்டு, வூட்டுப் பேர எழுதிட்டு, அடுத்த வூட்டுக்குப் போவேன். எனக்கு முன்னால இருந்தவங்களும் இப்பிடித்தான். இத்தன வருசத்துல யாரும் ஒரு வார்த்த கேட்டதில்ல."

யா அல்லா! ஒரு வரியில் நான்கு பேர், ஆறு பேர், எட்டுப் பேர். நான் எல்லோரையும் ஒற்றை ஆளாக்கிவிட்டேன். மலை முழுக்க நான் கொடுத்த ஒரு வாக்கியத்தால் சுருங்கிப் போயிருந்தது.

"இப்ப என்ன ஆவும் பாய்?" கௌரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அடிவாரத்து சிஸ்டருக்கு முட்டி வலி. அவங்க மலையேற மாட்டாங்க. மலைக்காரங்களும் காய்ச்சலோட எறங்கி வர மாட்டாங்க. மழைக்காலத்துல எறங்கவே முடியாது. பெட்டி வரலன்னா ஒரு மாத்திரை கெடையாதுங்க அங்க."

நான் நோட்டை எடுத்துக்கொண்டு தியாகராஜன் சாரின் அறைக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வடையை மட்டும் விட்டுவிட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"சார், ஒரு வழி இருக்குதுங்க" என்று அவசரமாகச் சொன்னேன். "வூட்டுக்கு சராசரி அஞ்சு பேருன்னு வச்சு, வரிய அஞ்சால பெருக்கிடலாம். அளவத் தாண்டிடும்."

அவர் மூடியை நோட்டின் நடுவில் வைத்தார். ஆனால் வராந்தாவுக்குப் போகவில்லை.

"எந்த அஞ்சு பேர், கரீம்? பேர் சொல்லுங்க."

நான் நோட்டைப் புரட்டினேன். வூடுதான் இருந்தது, பேர் இல்லை.

புதிய விதியிலேயே திருத்தத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய ஆட்களின் பெயர், வயது, ஊர் எழுதிய பட்டியல் தயாரிக்க வேண்டும். அதை மாவட்டத்தில் சரிபார்த்துக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். மெட்ராசுக்கு எண்ணிக்கை மட்டும் போனால் போதும். மாதக் கடைசிக்குள் போய்விட வேண்டும், அதன்பிறகு பட்ஜெட் மூடிவிடும். பத்து நாள் இருந்தது.

"பேரெல்லாம் எனக்கு முழுசா நெனப்பில்லீங்க சார்" என்றார் கௌரம்மா. "வூடு தெரியும். எந்த வூட்டுல எந்தெந்த ஆளுன்னா, கேட்டுத்தான் எழுதணும்."

"அப்ப கேட்போம்" என்றார் சார். "நாளைக்குக் காலையில முதல் பஸ்."

நான் மட்டும்தான் போகிறேன் என்று நினைத்தேன். காலையில் பஸ் நிலையத்தில் குடையோடு அவர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு.

அப்போது மலைக்குச் சாலை கிடையாது. அடிவாரத்தில் இறங்கி நடக்க வேண்டியதுதான். கௌரம்மா முன்னால் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிப் போகிறார். நான் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. சார் பின்னால், குடையை ஊன்றி ஊன்றி, ஒரே வேகத்தில். நான்கு முறை நான் உட்கார்ந்தேன், அவர் ஒரு முறைகூட உட்காரவில்லை. "சார், கொஞ்சம் உக்காருங்க" என்றால், "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன் கரீம், நடங்க" என்றார். நான்கு வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் தகவல் அதுதான்.

மேலே போய்ச் சேர்ந்தால் ஊரில் ஆண்பிள்ளை ஒருவன் கிடையாது. சாமை புடைத்துக்கொண்டு ஒரு அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். பெயர் சின்னப்பொண்ணு.

"ஆம்பளைங்க எங்கம்மா?" என்றேன்.

"காட்டுக்குப் போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"நீங்க போனதும் வருவாங்க."

கௌரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்த வருஷங்களில் நோட்டும் பேனாவுமாக ஆள் மலையேறினால் குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இத்தனை கேஸ் கொண்டு வா என்று எங்கள் துறையே எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளைச் சட்டையைக் கீழ்த் திருப்பத்திலேயே பார்த்துவிட்டுக் கூண்டோடு ஓடியிருக்கிறார்கள்.

"ஆப்பரேசன் இல்லீங்க! மாத்திரைக் கணக்குதான்!" என்று கௌரம்மா மரங்களைப் பார்த்துக் கத்தினார். மரங்கள் பதில் சொல்லவில்லை. "நம்ம நர்சம்மாவையே இழுத்துட்டு வந்துட்டாங்க பாரு" என்று எங்கேயோ ஒரு குரல் மட்டும் கேட்டது.

அரை மணி நேரம் ஆயிற்று. நான் கெஞ்சினேன், கத்தினேன், எங்கள் மார்க்கத்தின்மீதே சத்தியம் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுப் பெண்களும் ஆண்கள் வராமல் யார் பெயரையும் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கு அந்தப் பெயருக்கு ஆப்பரேஷன் என்று பயம்.

அப்போது தியாகராஜன் சார் குடையை மடக்கினார். ஒரு பாறைமேல் ஏறி நின்றார். அலுவலகத்தில் ஒருபோதும் உயராத அந்தக் குரல் உயர்ந்தது.

"எனக்கு ஆறு பிள்ளைங்க!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. கௌரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆறு பிள்ளைங்க. நாலு பொண்ணு, ரெண்டு பையன். நான் உங்ககிட்ட வந்து போதும்னு சொல்ல முடியுமா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? நெசமாவே மாத்திரைக் கணக்குக்குத்தான் வந்திருக்கேன்!"

மாவட்டத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கை மாதாமாதம் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் கூட்டிக் கையெழுத்துப் போடுகிற மனுஷர்! இரண்டே போதும் என்று எழுதிய தட்டிக்குக் கீழேதான் அவர் நாற்காலி. அதனால்தான் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. இன்னொன்று. வெள்ளையன் என்பவர் முதலில் வெளியே வந்தார்.

"ஆறா? நர்சம்மா, மொதல்ல இவருக்குப் பண்ணி வுடுங்க!"

மலையே சிரித்தது. சாரும் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வேலை ஓடியது பாருங்கள், இரண்டு நாள் தங்கி எழுதினோம். கௌரம்மா நோட்டில் தேதியைச் சொல்வார். தேதி அங்கே யாருக்கு நினைவிருக்கும்? "பன்னி வந்து கெழங்கத் தோண்டிட்டுப் போன அன்னிக்கிப் பொறவு", "அண்டியப்பன் மச்சான் கோவிச்சிக்கிட்டுப் போனப்ப" என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதை இதோடு சேர்த்து நான் பெயர், வயது, ஊர் எழுதுவேன். யாருக்கு என்ன மாத்திரை, எந்த நிறம் என்றுகூட அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. சார் ஒவ்வொரு பெயரையும் திரும்பப் படித்துக் காட்டி ஆம் என்று வந்த பிறகுதான் அடுத்த வரி. காய்ச்சலே வராத ஒருத்தர் ஊரோடு ஊராகத் தன் பெயரையும் எழுதச் சொல்லி அடம் பிடித்தார். "அடுத்த தடவ காய்ச்சல் வந்தா எழுதிக்கலாம்" என்று சார் அவரைச் சமாதானப்படுத்தினார்.

இரண்டாம் நாள் காளியம்மா வீடு. அவள் வாசலில் நின்றபடி சொன்னாள். புருஷன், தான், மாமியார், பெரிய பையன். நான்கு பேர். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவள் கௌரம்மாவைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு பொன்னிக்கும் குடுத்தாங்க" என்றாள். "ஆனா அவ இப்ப இல்லீங்களே. செத்தவ பேர எழுதுவாங்களா?"

கௌரம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், மழையில் ஆஸ்பத்திரிக்கு இறக்க முடியாமல் போய்விட்டது என்று. அந்த நோட்டில் காளியம்மா வூடு என்ற ஒற்றை வரிக்குள் அந்தக் குழந்தையும் இருந்திருக்கிறாள். அதை ஒரு ஆள் என்று எண்ணி அனுப்பியவன் நான். அழுதுவிடுவேனோ என்று பயந்து பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சார் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். அவர் சரிபார்ப்பவர், பட்டியல் எழுதுகிறவர் இல்லை. அன்று எழுதினார்.

"மருந்து வாங்குனா இல்லீங்களா? அப்ப அவளும் உண்டும்மா. முழுப் பேர் பொன்னியா? வயசு?"

"ஆறு நடந்துச்சுங்க."

எழுதிவிட்டு, வழக்கம்போலத் திரும்பப் படித்துக் காட்டினார். பொன்னி, வயது ஆறு, வத்தல்மலை. காளியம்மா தலையாட்டினாள். "இது எங்க போவுதுங்க?" என்று கேட்டாள். மெட்ராசுக்கு என்றேன் நான். அப்போது அதை யோசித்துச் சொல்லவில்லை.

இறங்கி வந்து கூட்டினோம். எண்ணிக்கை அளவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. தப்பான விளக்கம் கொடுத்தது நான்தான் என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். சார் அதன் கீழேயே, சரிபார்க்காமல் அனுப்பியது தான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டு பேருக்கும் ஒரு எச்சரிக்கை மெமோ வந்தது. அவருக்கு வந்ததையும் என்னிடமே கொடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னார்.

மாதம் திரும்புவதற்குள் ஆணை வந்தது. மலை நிலையம் இருக்கும், கௌரம்மா இருப்பார், பெட்டி ஒன்றுக்கு இரண்டாக வரும். மொத்தத் தொகை மாறாததால் மலைக்குக் கூடிய பங்கு மற்றவர்களுக்குக் குறைந்தது. கடத்தூர்ப் பக்கத்து நர்சுகள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வடை கொடுத்தவர்களே, "பாய், எங்க மாத்திரையெல்லாம் மலைமேல ஏத்திட்டீங்களாமே?" என்று குத்தினார்கள். போகட்டும் என்று சிரித்துக்கொண்டேன். பட்ஜெட் என்றால் ஒரு போர்வையை நாலு பேர் இழுத்துப் போர்த்துகிற கதைதான், ஒருத்தர் காலாவது வெளியே கிடக்கும்.

முதல் பெட்டிகள் ஏறிய அன்று நானும் கூடப் போனேன். வெள்ளையனும் அண்டியப்பனும் ஆளுக்கொன்று தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். ஊரே கூடியிருந்தது. கௌரம்மா பெட்டியைப் பிரித்து மாத்திரை டப்பாக்களை அடுக்கும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. புது நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுத ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்தில் காளியம்மா என்னிடம் வந்தாள். "சார், பொன்னி பேரு மெட்ராசுக்குப் போயிருச்சுங்களா?"

போகவில்லை. எண்ணிக்கைதான் போனது. பெயர்கள் எல்லாம் எங்கள் அலமாரியில் கயிறு கட்டிக் கிடந்தன. அவளிடம் அதை எப்படிச் சொல்வது?

"போயிருச்சும்மா" என்றேன்.

"சரிங்க" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சாரிடம் பெட்டி போய்ச் சேர்ந்த விவரத்தைச் சொன்னேன். மனசு கேட்காமல் இதையும் சொன்னேன். அவர் கோப்பைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"பட்டியலை நகல் எடுங்க" என்றார்.

"எதுக்குங்க சார்? எண்ணிக்கை மட்டும் போதும்னு விதியிலயே இருக்குதுங்களே. அனுப்புனாலும் அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

"அந்தம்மாகிட்ட போயிடுச்சுன்னு சொல்லிட்டீங்க இல்ல? அப்ப போகணும்."

பதினோரு தாள். முழுக்க என் கையால் எழுதினேன். ஒவ்வொரு தாளிலும் அவர் கையெழுத்திட்டார். பொன்னி இருந்த தாளைக் கடைசியாக எடுத்து, ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையோடு அனுப்பினோம். சில நாளில் மெட்ராசு முத்திரை குத்தி அட்டை திரும்பி வந்தது. அதைக் கோப்பில் வைக்க நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மாதக் கூட்டத்துக்கு வந்த கௌரம்மாவிடம் கொடுத்து, "காளியம்மாகிட்ட குடுத்துடுங்க, அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வருஷத் தணிக்கையில் வந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, தபால் அட்டை எங்கே என்று கேட்டார். ஒரு துண்டுச் சீட்டு குறைந்தாலும் பேனா மூடியைக் கழற்றுகிற எங்கள் சார், அந்தக் காலி இடத்துக்கு நேராகத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: அட்டை உரியவரின் தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டது.